கப்பல் வந்துருச்சா?

எங்கள் வீட்டில் கத்திரி வெயிலை ஆசையோடு எதிர்பார்க்கிற ஒரே ஆள் அப்பத்தா. மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை போகிற அக்கினி நட்சத்திரம் எப்போது முடியும் என்று ஊரே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவருக்கு மட்டும் அந்த நாட்கள் போதாது. கூழ் வடகம், ஜவ்வரிசி வடகம், மோர் மிளகாய், சுண்டை வற்றல், மாவற்றல் என்று வேலை வரிசைகட்டி நிற்கும். "இம்புட்டு வெயிலையும் சும்மா விட்டா ஆகுமா?" என்பார்.

காரைக்குடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் எங்கள் ஊர். ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பாத்தியப்பட்ட வீடு. இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். விசேஷம் என்றால் நூறு பேர் படுத்து எழலாம். மற்ற நாட்களில் அப்பத்தா ஒருவர்தான். கூடமாட ஒத்தாசைக்கு ஓர் அக்கா காலையில் வந்து சாயங்காலம் போவார். நான் காரைக்குடியில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்விடுவேன்.

கூழ் வடகம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அரிசியை ஊறவைத்து அரைத்து, மாவை ஒரு ராத்திரி புளிக்கவிட வேண்டும். மறுநாள் விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் பின்கட்டில் விறகடுப்பு எரியும். பச்சை மிளகாய் அரைத்த விழுது, சீரகம், உப்பு எல்லாம் சேர்ந்து கூழ் கண்ணாடி மாதிரி மினுங்கும்வரை கிண்ட வேண்டும், கை ஓயக்கூடாது. அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு மெத்தைக்குப் போவார்கள் (மாடியை நாங்கள் மெத்தை என்போம்). பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, நாழியால் வரிசை வரிசையாகப் பிழிந்து முடிக்கும்போது மணி ஆறரை. வெயில் ஏறுவதற்குள் கீழே இறங்கிவிடலாம். சாயங்காலம் வெயில் தாழ மறுபடி ஏறி, துணியின் அடியில் தண்ணீர் தெளித்து உரித்து எடுக்க வேண்டியதுதான். ஆள் வெயிலில் நிற்கவே தேவையில்லாதபடி அமைந்த வேலை இது. கெடுத்தது காக்காய்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மே மாதம், ஒரு ஞாயிறு. கறுப்புக் குடையை விரித்து வைத்தும் காக்காய் அடங்கவில்லை. பதினொன்றரைக்கு மெத்தைக்குப் போன அப்பத்தா, படிக்கட்டு ஏறி முடியும் இடத்தில் இருக்கிற தகரக் கொட்டகையில், கையில் குச்சியோடு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். நிழல்தானே என்று நினைத்திருப்பார். உச்சி வெயிலில் காய்ந்த தகரத்துக்குக் கீழே இருக்கும் நிழலும் அடுப்படியும் ஒன்றுதான். நான் அது தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தேன். ஆத்தங்குடிக் கல் முதுகுக்குக் குளுகுளு என்று இருந்தது. எனக்கு நல்ல தூக்கம்.

இரண்டு மணி இருக்கும். அப்பத்தா இறங்கி வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "கப்பல் வந்துருச்சா?" என்றார்.

அவருடைய அப்பச்சி (அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்குவார். அந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். சரி, ஏதோ பழைய ஞாபகம் என்று நினைத்து, "எந்தக் கப்பல் அப்பத்தா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

"அப்பச்சி வருவாகள்ல. முகப்புல விளக்கப் போடு" என்றார். நாக்கு லேசாகக் குழறியது. அதற்கும் சிரித்தேன்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "தம்பி, ஆச்சி பேச்சு சரியில்ல. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். காய்ந்த ஓட்டைத் தொட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் உருப்படியானதெல்லாம் அக்கா செய்தது. நான் செய்ததெல்லாம் தப்பு. அவர் அப்பத்தாவின் சேலையைத் தளர்த்தி, அண்டாவிலிருந்து தண்ணீரை மொண்டு தலையிலும் கழுத்திலும் மார்பிலும் ஊற்றி, மேசை விசிறியை இழுத்து வந்து நேராக வைத்தார். நான் தம்ளரில் தண்ணீரைக் கொண்டுபோய் வாயில் ஊற்றப் பார்த்தேன். "ஊத்தாதீங்க, நெனவில்லாதவகளுக்குப் பொரையேறிரும்" என்று தட்டிவிட்டார். அடுத்து நான் காய்ச்சல் மாத்திரையைத் தேடிக்கொண்டு அலமாரியைக் குடைந்தேன். 108-க்குப் போன் போடச் சொன்னதும் அவர்தான். நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டும்போது, பக்கத்தில் நின்ற பெண் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசிவிட்டுச் சாய்ந்தாராம். அக்காவுக்கு அந்தப் பேச்சு மறக்கவில்லை.

ஆம்புலன்ஸில் பார்த்தபோது உடம்புச் சூடு 104-ஐத் தாண்டியிருந்தது. அதுவும் கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிய பிறகு. மூன்று நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுறாங்களா?" உடம்பிலுள்ள நீரை மூத்திரமாக வெளியேற்றுகிற மாத்திரை அது. எனக்குத் தெரியவில்லை. மாசாமாசம் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறவன் நான்தான்.

அப்பத்தா தேறி வந்துவிட்டார், கவலை வேண்டாம். ஆனால் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. அதற்கப்புறம் இதைப்பற்றி நிறையப் படித்தேன், டாக்டர் நண்பர்களைக் கேட்டுத் தொந்தரவு செய்தேன். என் மண்டையில் நின்றதைச் சொல்கிறேன்.

நம் உடம்பு உள்ளே 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஓடியாக வேண்டும். வெளியே அதைவிடச் சூடு அதிகமானால், சூட்டை வெளியேற்ற ஒரே வழி வியர்வை. வியர்ப்பது மட்டும் போதாது, அது ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் கூடக்கூட வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கிவிடும். செல்போனில் 37 என்று காட்டிவிட்டு, கீழே சின்ன எழுத்தில் 43 போல உணர்வீர்கள் என்று போடுவது இதனால்தான். வறண்ட 40 டிகிரியைவிடப் புழுக்கமான 36 ஆளைச் சாய்த்துவிடக்கூடும்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, மூத்திரம் கடுத்து மஞ்சளாகப் போவது எல்லாம் உடம்பு முதலில் கொடுக்கும் தாக்கல். நிழலுக்கு வந்து, உட்கார்ந்து, குடித்து, உடம்பை நனைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உள்சூடு 40-ஐ, அதாவது 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டால் அது வெப்பவாதம். அதற்கு அடையாளம் பேச்சும் நடத்தையும்தான். சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத எரிச்சல், தள்ளாட்டம், பிறகு வலிப்பு, மயக்கம். வியர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்திருக்கும் என்று பலர் சொல்வார்கள். வயசானவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். வெயிலில் வேலை செய்து விழுகிறவர்களுக்கு உடம்பு நனைந்தே இருக்கலாம். வியர்க்கிறதே, ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது.

காய்ச்சல் மாத்திரை ஏன் உதவாது என்பதும் அப்போதுதான் விளங்கியது. காய்ச்சலில் மூளையே சூட்டின் அளவை ஏற்றி வைத்திருக்கிறது. மாத்திரை அந்த அளவை இறக்குகிறது. வெப்பவாதத்தில் மூளை எதையும் ஏற்றவில்லை, குளிரவைக்கிற ஏற்பாடுதான் படுத்துவிட்டது. மாத்திரை போட்டு என்ன ஆகும்? ஏற்கெனவே நொந்துபோன ஈரலுக்கு இன்னொரு சுமை. வேண்டியது தண்ணீரும் காற்றும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி அக்குள், கழுத்து, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். வண்டி வரும்வரை காத்திருக்காமல், வண்டிக்குச் சொல்லிவிட்டு உடனே ஊற்ற ஆரம்பித்துவிட வேண்டும். சூடு எவ்வளவு நேரம் ஏறி நிற்கிறதோ அவ்வளவுக்குச் சேதம்.

"எங்களுக்கு வெயில் பழக்கம்தானே" என்பது சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தில் எல்லோர் வாயிலும் வருகிற பேச்சு. பாதி உண்மை. வெயிலில் புதிதாக வேலை செய்கிற உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் பழகும்; சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறைவாகப் போகும். ஆனால் சில வாரம் ஏசியில் இருந்தால் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். ஒவ்வொரு கோடையிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறுபது வருஷப் பழக்கம் என்பது வட்டி போட்டு வளர்கிற முதல் இல்லை. வயசாக ஆகத் தாகமே சரியாக எடுக்காது, வியர்ப்பதும் குறையும். நீர் மாத்திரை, சிலவகைப் பிரஷர் மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் போடுகிற சில மாத்திரை, மனநல மருந்துகளில் சில, எல்லாம் உடம்பின் கையைக் கட்டிப்போடும். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்தவும் கூடாது. கோடை தொடங்கும் முன்பே சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. நான் இப்போது பங்குனியிலேயே போகிறேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் தூண்களையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கென்னவோ, அந்த வீடுகளின் பெரிய கெட்டிக்காரத்தனம் வெயிலைக் கையாண்ட விதத்தில்தான் தெரிகிறது. சுண்ணாம்பும் செங்கலும் கொண்ட கனத்த சுவர் பகல் சூட்டைக் குடித்து மெல்ல மெல்லத்தான் உள்ளே விடும். சூடு உள்பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முற்றத்தின் வழியே வெக்கை மேலே போக, முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஒரே நேர்கோட்டில் இருக்கிற வாசல்கள் காற்றை இழுக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாட்டோட்டுக்கு நடுவில் நிற்கிற காற்றும் ஒரு தடுப்பு. முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தால் சித்திரையிலும் சில்லென்று இருக்கும். சின்ன வயசில் நாங்கள் சுவரோடு சுவராக நின்று அதைத்தான் செய்வோம்.

ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் ராத்திரியை நம்பிக் கட்டியது. பகலில் குடித்த சூட்டைச் சுவர் ராத்திரிதான் கக்க முடியும். ராத்திரி குளிராவிட்டால் மறுநாள் சுவர் பாதி நிரம்பிய பாத்திரமாகத்தான் தொடங்கும். நாலைந்து நாள் இப்படிப் போனால் வீடே அனலாகிவிடுகிறது. போதாக்குறைக்குக் குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து முற்றத்துக்குக் கம்பி போட்டோம். மழைச்சாரல் வேண்டாம் என்று அதன்மேல் ஃபைபர் தகட்டையும் போட்டு மூடினோம். போட்டவர்களில் நானும் ஒருவன், பங்காளிகள் எல்லோரிடமும் பங்கு பிரித்து வாங்கி. வெக்கை போகிற புகைபோக்கியை நம் காசிலேயே அடைத்த கதை. அப்பத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் தகட்டைக் கழற்றிவிட்டேன். கம்பி இருக்கிறது. அந்த ராத்திரியே வளவில் வித்தியாசம் தெரிந்தது.

ராத்திரி பதினொன்றுக்கும் சுவர் தொட்டால் சுடுகிறது என்றால் அந்த அறையில் வயசானவர்களைப் படுக்கவைக்க வேண்டாம். கான்கிரீட் போட்ட மாடி அறை கூடவே கூடாது. மின்விசிறியை நம்புவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. அறைச்சூடு 40-ஐத் தாண்டிவிட்டால் அது வெந்த காற்றைத்தான் மேலே அடிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டோ, நனைத்த சட்டையோடோ இருந்தால் கொஞ்சம் தேவலை. பகலில் வெயில் படுகிற பக்கத்து ஜன்னலைச் சாத்தி, ராத்திரி எல்லாவற்றையும் திறந்துவிடுவது நம் வீட்டுப் பெரியவர்கள் செய்துகொண்டிருந்ததுதான்.

வெப்ப அலை அறிவிப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் வெப்பம் குறைந்தது 40-ஐ எட்ட வேண்டும், அதோடு அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது நேரடியாக 45-ஐத் தொட வேண்டும். இயல்பே 37, 38 என்று இருக்கிற ஊரில் இதற்கு 41.5, 42.5 வரை போயாக வேண்டும். செய்தியில் கரூர் பரமத்தியும் வேலூரும் ஈரோடும் வரும், நம் ஊர் வராது. அப்பத்தா விழுந்த அன்று எங்கள் பக்கத்துக்கு எந்த அறிவிப்பும் இல்லை. 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல காரியம்தான். ஆனால் வெயிலால் இறந்தார் என்று யாராவது எழுதினால்தானே? பல வீட்டில் "வயசாயிருச்சு, நெஞ்சு வலி" என்றே கணக்கு முடிந்துவிடுகிறது.

குடிப்பதைப்பற்றி எழுதப் போனால் சண்டை வரும். ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பார்கள். மோரில் உப்பும் பெருங்காயமும் போட்டு நீர்க்கக் கரைத்தது, பழைய சோற்று நீராகாரம் இரண்டுக்கும் என் ஓட்டு. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே உள்ளே போகிறது. வேலை செய்து ஒழுக ஒழுக வியர்க்கிறவர் வெறும் தண்ணீரையே செம்பு செம்பாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் வம்பு. பானகம் அருமை, சர்க்கரைக்காரர்களுக்கு இல்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், கிட்னிக்குப் பத்தியம் இருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும். காபி டீயை நிறுத்தச் சொன்னால் அப்பத்தா என்னை நிறுத்திவிடுவார், அதனால் அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை மட்டும் விளக்கிச் சொல்ல வேண்டும். பெரிய பொட்டலம் முழுசையும் அளந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு தம்ளருக்குக் கொஞ்சம் கொட்டி, மீதியை மடித்து ரப்பர் பேண்டு போட்டு வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. உப்பும் சர்க்கரையும் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதில்தான் அதன் வேலையே இருக்கிறது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டெட்ரா பெட்டியில் பழச்சுவையோடு வருவதில் பல இது இல்லை.

இந்தப் பக்கத்தில் வெயிலின் உண்மையான பாரத்தைச் சுமப்பவர்கள் ஓட்டின்மேல் இருக்கிறார்கள். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும் என்பதால் அந்த வேலை சித்திரையிலும் வைகாசியிலும்தான் நடக்கும். மேலே சூரியன், கீழே கொதிக்கிற ஓடு. வைகாசிக் கல்யாணங்களில் கோட்டை அடுப்புக்கு முன்னால் நிற்கிற சமையல்காரர்களும் அதே கணக்கு. போன வருஷம் எங்கள் வீட்டில் ஓடு மாற்றியபோது கொத்தனாரிடம் பேசி, காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு இறங்கிவிடுவது, மறுபடி நாலு மணிக்கு ஏறுவது என்று வைத்துக்கொண்டோம். வேலை நாலு நாள் கூடியது. கூலியைக் குறைக்கவில்லை. பங்காளிகள் குழுவில் ஒருவர், "இது என்ன புது வழக்கம்?" என்று கேட்டார். ஒரு நாள் நடுப்பகலில் ஓட்டுமேல் ஏறிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் அண்ணே என்றேன். பதில் இல்லை. புதிதாக வந்த ஒரு பையனை முதல் இரண்டு நாள் கீழே ஓடு கழுவ மட்டும் வைத்தார் கொத்தனார். உடம்பு பழகட்டும் என்றார். அவர் எந்த வழிகாட்டுதலையும் படித்தவர் இல்லை.

இப்போதெல்லாம் பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் அப்பத்தாவுக்குப் போன் செய்கிறேன். "சாப்பிட்டீங்களா, தண்ணி குடிச்சீங்களா" என்று கேட்டால் இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும், அதில் பிரயோஜனம் இல்லை. அதனால் வம்பு கேட்கிறேன். எதிர்வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், கோயில் பிரசாதம் எப்படி இருந்தது, யார் வீட்டுப் படைப்பில் என்ன சண்டை. பதில் ஒழுங்காக, காரமாக வருகிறதா என்று கேட்டுக்கொள்வேன். வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஏழாவது நாள் நேரே போய்விடுவேன்.

போன ஞாயிறு கூழ் வடகம் போட்டோம். நாழியை நான் பிழிந்தேன், கோணல்மாணலாக. ஆறரைக்கு மெத்தைக் கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். அப்பத்தா பகலெல்லாம் வளவில் உட்கார்ந்து மேலே காக்காய் கரைகிற சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வெயில் தாழக் கதவைத் திறந்து துணியைக் கீழே கொண்டுவந்தபோது, விரலால் வரிசையை எண்ணினார்.

"ரெண்டு வரிசை போச்சு."

"போகட்டும் அப்பத்தா."

"எப்படிப் போகட்டும்ங்கிற? அரிசி என்ன வெல விக்குது தெரியுமா? மூணு படி மாவு. நீ பிழிஞ்ச லெச்சணத்துக்குக் காக்காயே ரெண்டு வரிசைக்கு மேல திங்கல."